மாற்றும் விரலும் காட்டும் எண்ணும்: தொழில்முறை டிஜிட்டல் கேமராக்களில் கட்டுப்பாட்டு அமைப்பின் வரலாறு

டிஜிட்டல் கேமராவின் வரலாறு பெரும்பாலும் சென்சாரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மெகாபிக்சல் எப்படிக் கூடியது, நொடிக்கு எத்தனை படம், இருட்டில் எவ்வளவு தெளிவு என்று அந்த வரலாறு நகர்கிறது. படமெடுப்பவரின் வலக்கைச் சுட்டுவிரலும் கட்டைவிரலும் இந்தக் காலத்தில் என்னென்ன புதிதாகக் கற்றன, எதை இழந்தன என்பது அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. விளையாட்டரங்கிலும் கலவரத் தெருவிலும் திருமண மேடையிலும் வேலை செய்பவருக்கோ இதுதான் முதல் கேள்வி. எதிரே நடப்பது ஒருமுறைதான் நடக்கும். அந்த நேரத்தில் கண் வியூஃபைண்டரை விட்டு விலக நேர்ந்தால் படம் போய்விடும்.

கேமராவின் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் இரண்டு வேலைகள் உண்டு. ஒரு மதிப்பை மாற்றுவது ஒன்று. இப்போது அந்த மதிப்பு என்னவாக இருக்கிறது என்று சொல்வது மற்றொன்று. இயந்திரக் கேமராவில் இவ்விரண்டையும் ஒரே பொருள் செய்தது. 1980களின் நடுப்பகுதியில் மின்னணுவியல் இவற்றைப் பிரித்தது. தொழில்முறை டிஜிட்டல் கேமராக்களில் இன்றுவரை நடந்த வடிவமைப்பு மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தப் பிரிவினால் வந்த சிக்கல்களைச் சரிசெய்யும் முயற்சிகளே என்பது இக்கட்டுரையின் வாதம். 35 மி.மீ. மரபில் வந்த கேமராக்களையே, அதிலும் நிக்கான், கேனான் இரண்டையுமே அதிகம் எடுத்துக்கொள்கிறேன். செய்தித் துறையின் கைகளில் நெடுங்காலம் இருந்தவை இவைதான்.

எண் பொறித்த டயல்

லைக்காவின் தொடக்ககாலக் கேமராக்களில் ஷட்டர் வேக டயல், ஷட்டர் இயங்கும்போது தானும் சுழலும். 1933இல் வந்த லைக்கா III மெதுவான வேகங்களுக்கென முன்பக்கத்தில் இரண்டாவது டயல் ஒன்றைச் சேர்த்தது. ஆக, ஒரே அளவை மாற்ற இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டியிருந்தது. 1954இல் லைக்கா எம்3 எல்லா வேகங்களையும் சுழலாத ஒரே டயலில் கொண்டுவந்தது. ஷட்டர் வேகம் உடலின் மேல், அப்பர்ச்சர் லென்ஸைச் சுற்றிய வளையத்தில் என்ற ஏற்பாடு அதன்பின் ஏறத்தாழப் பொது இலக்கணமாகிவிட்டது. 1959இல் வந்த நிக்கான் எஃப் அதைத்தான் பின்பற்றியது.

இந்த ஏற்பாட்டின் உச்சம் 1980இல் வெளிவந்த நிக்கான் எஃப்3 என்பது என் மதிப்பீடு. ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ வடிவமைத்த அந்தக் கேமராவின் வியூஃபைண்டரில் ஷட்டர் வேகம் சிறிய எல்சிடி எண்ணாகத் தெரியும். அப்பர்ச்சரோ வேறு வழியில் தெரியும். லென்ஸ் வளையத்தில் வழக்கமான எண்களுக்குக் கீழே இன்னொரு வரிசைச் சிறிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வியூஃபைண்டருக்குள் இருக்கும் ஒரு சிறு ஒளிவழி, அந்த எண்ணையே நேரடியாகக் கண்ணுக்குக் கொண்டுவரும். கணக்கீடும் இல்லை, குறியீடும் இல்லை. கை திருப்பிய பொருளைத்தான் கண் படித்தது. ஷட்டர் டயல் தானியங்கு நிலையில் இருக்கும்போது தற்செயலாக நகர்ந்துவிடாதபடி ஒரு பூட்டும் உண்டு. நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் டயல் விடுபடும்.

பொறித்த டயலுக்கு இன்னொரு குணமும் இருந்தது. கேமராவில் மின்சாரமே இல்லாதபோதும் அது தன் நிலையைச் சொன்னது. பையிலிருந்து எடுக்கும்போதே, கண்ணுக்கு வைக்கும் முன்பே, எந்த வேகத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பழகியவர்கள் இறுதி முனைவரை திருப்பி, அங்கிருந்து சொடுக்குகளை எண்ணி, பார்க்காமலே வேகத்தை அமைத்தார்கள்.

எண் இல்லாத சக்கரம்

1985இல் மினோல்டா 7000 இந்த இலக்கணத்தை உடைத்தது. தானியங்கு ஃபோகஸ் உள்ளே அமைந்த முதல் பெருவெற்றிக் கேமரா அது. ஷட்டர் டயலை அது நீக்கியது, லென்ஸிலிருந்து அப்பர்ச்சர் வளையத்தையும் நீக்கியது. இரண்டுக்கும் பதிலாக மேலும் கீழும் தள்ளும் பொத்தான்கள் வந்தன. உற்பத்திக்கு இது மலிவு, பார்வைக்கும் புதுமை. ஆனால் 1/60இலிருந்து 1/1000க்குப் போக, முன்பு ஒரே திருப்பில் முடிந்த வேலைக்குப் பலமுறை அழுத்த வேண்டியதாயிற்று. விரலுக்குத் தூரம் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு கேனான் டி90 இதற்கு விடை தந்தது. லூயிஜி கோலானியின் பங்களிப்போடு உருவான அந்தக் கேமராவில், ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால், சுட்டுவிரல் இயல்பாக விழும் இடத்தில், எண் எதுவும் பொறிக்காத ஒரு சக்கரம் இருந்தது. முடிவில்லாமல் சுழலும், சொடுக்குகளை உணர்த்தும். எந்த நிலையில் இருக்கிறோமோ அதற்கேற்ப அது ஷட்டரையோ அப்பர்ச்சரையோ மாற்றும். இன்று ஏறத்தாழ எல்லாத் தொழில்முறைக் கேமராக்களிலும் நாம் தொடும் சக்கரத்தின் மூதாதை அதுதான். 1987இல் இஓஎஸ் 650இன் மூலம் கேனான் முழு மின்னணு இணைப்புக்கு மாறி, அப்பர்ச்சர் வளையத்தைக் கைவிட்டது. 1989இல் வந்த இஓஎஸ்-1 முதுகுப்பக்கம் கட்டைவிரலுக்கென ஒரு பெரிய சக்கரத்தைச் சேர்த்தது. சுட்டுவிரலுக்கு ஒன்று, கட்டைவிரலுக்கு ஒன்று. இரண்டு அளவுகளையும் பிடியைத் தளர்த்தாமல் மாற்றலாம்.

நிக்கான் தயங்கியது. 1988இல் வந்த எஃப்4, தானியங்கு ஃபோகஸ் இருந்தும், பொறித்த டயல்களோடே வந்தது. 1996இல் எஃப்5இல்தான் அந்நிறுவனத்தின் தலைமைக் கேமரா முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரங்களுக்கு மாறியது. இந்த எட்டாண்டுத் தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. எஃப்4 வைத்திருந்தவரின் விரல்களில் பல்லாண்டுப் பழக்கம் இருந்தது. அதைக் கலைப்பதற்கு ஈடான பயன் வேண்டும் என்று அந்த வடிவமைப்பாளர்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

எண்ணற்ற சக்கரம் தந்த பயன் பெரியது. அதன் விலையும் சிறியதல்ல. ஒரே சக்கரம் பல வேலைகளைச் செய்யும்போது, இப்போது அது என்ன வேலையில் இருக்கிறது என்பதைப் படமெடுப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். மதிப்பைக் காட்டும் பொறுப்பு உடலின் மேலுள்ள எல்சிடி பலகைக்கும் வியூஃபைண்டரின் கீழ் வரிக்கும் போனது. எஃப்5இலும் அதன் தம்பியான எஃப்100இலும் தனிப்பயன் அமைப்புகள் வெறும் எண்களாக அந்தப் பலகையில் தோன்றின. எந்த எண்ணுக்கு எது என்று அறியக் கையேட்டைப் புரட்ட வேண்டும்.

தோளில் தொங்கிய டிஜிட்டல்

1991இல் கோடாக் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ், முதல் வணிகத் தொழில்முறை டிஜிட்டல் கேமராவாகக் கருதப்படுகிறது. 13 லட்சம் பிக்சல்கள். அதன் உடல் நிக்கான் எஃப்3. படங்கள் கேபிள் வழியாகத் தோளில் மாட்டிய தனிப்பெட்டிக்குப் போய், 200 மெகாபைட் ஹார்டு டிஸ்கில் பதிந்தன. சுருக்காமல் வைத்தால் 156 படங்கள் பிடிக்கும். படத்தைப் பார்க்கும் கறுப்பு-வெள்ளைத் திரையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

இந்த அமைப்பைப் பலர் அதன் பருமனுக்காகவே நினைவுகூர்கிறார்கள். கட்டுப்பாட்டு வரலாற்றில் இதற்கு வேறு முக்கியத்துவம் இருக்கிறது. டிஜிட்டல் தொடர்பான எல்லாம் பெட்டிக்குப் போய்விட்டதால், கையில் இருந்தது மாற்றமில்லாத எஃப்3. அதே பொறித்த டயல், அதே அப்பர்ச்சர் வளையம். படமெடுக்கும் கையும் படத்தைக் கையாளும் கையும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்திருந்தது அதன்பின் ஒருபோதும் இல்லை. 1994இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் கோடாக்கும் சேர்ந்து உருவாக்கிய என்சி2000, சேமிப்பை நிக்கான் என்90எஸ் உடலோடே இணைத்தது. 1998இல் கேனானோடு சேர்ந்து வந்த டிசிஎஸ் 520இன் முதுகில் வண்ணத்திரை ஏறியது. அப்போதிலிருந்து, படமெடுப்பதற்கான பொத்தான்களும் எடுத்ததைப் பார்ப்பதற்கான பொத்தான்களும் ஒரே முதுகுப்பரப்பில் இடத்துக்குப் போட்டியிடத் தொடங்கின.

1999இல் நிக்கான் டி1 வந்தது. 27 லட்சம் பிக்சல். முழுக்க ஒரே நிறுவனத்தின் உடல். கோடாக் கேமராக்களைவிட வெகுவாகக் குறைந்த விலை. செய்தி நிறுவனங்கள் ஃபிலிமைக் கைவிட்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. எஃப்5 பழகிய கை டி1ஐ எடுத்த அன்றே வேலை செய்ய முடிந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். இரண்டு சக்கரங்கள், நெடுக்குவாக்கில் பிடிக்கத் தனி ஷட்டர் பொத்தான், கட்டைவிரலுக்கு ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் திண்டு என எல்லாம் அதே இடத்தில் இருந்தன.

ஐஎஸ்ஓ என்னும் மூன்றாவது அளவு

இந்த மரபைக் காத்ததிலேயே ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கும் அளவுகள் மூன்று: ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஒளியுணர்திறன். ஃபிலிம் காலத்தில் மூன்றாவது சுருளோடு வந்தது. 400 ஐஎஸ்ஓ சுருளைப் போட்டால் 36 படங்களுக்கும் அதுவே. ஆகவே அதை அமைக்கும் கட்டுப்பாடு கைக்கு எட்டாத மூலையில் இருந்தது. அது அங்கே இருந்ததும் சரியே. டிஜிட்டலில் ஐஎஸ்ஓ படத்துக்குப் படம் மாறக்கூடியதாயிற்று. கட்டுப்பாட்டின் இடம் மட்டும் உடனே மாறவில்லை.

2002இல் வந்த நிக்கான் டி100 இதற்கு மிகத் தெளிவான சான்று. அதில் ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை, படத்தரம் ஆகியவை படமெடுக்கும் நிலைகளைத் தேர்ந்தெடுக்கும் அதே டயலில் இருந்தன. ஐஎஸ்ஓவை மாற்ற, அப்பர்ச்சர் முன்னுரிமையிலிருந்து டயலை ஐஎஸ்ஓ இடத்துக்குத் திருப்பி, சக்கரத்தால் மாற்றி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். திருப்ப மறந்தால் கேமரா வேறு நிலையில் நிற்கும். ஐஎஸ்ஓ என்பது படமெடுக்கத் தொடங்கும் முன் செய்யும் ஆயத்தம் என்ற ஃபிலிம் கால எண்ணம், இந்த டயலில் அப்படியே உறைந்திருக்கிறது.

கேனானின் தலைமைக் கேமராக்களும் இதில் முந்தவில்லை. 2004ஆம் ஆண்டின் இஓஎஸ்-1டி மார்க் II வரை, இடப்பக்கத்தில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திக்கொண்டுதான் ஐஎஸ்ஓவை மாற்ற வேண்டும். 2007இல் மார்க் IIIஇல்தான் அதற்கெனத் தனிப் பொத்தான் வலக்கைச் சுட்டுவிரலுக்கு அருகே வந்தது. அதே ஆண்டு வந்த நிக்கான் டி3, 6400 ஐஎஸ்ஓ வரை இயல்பாகவும் 25600 வரை நீட்டித்தும் தந்து, இரவு ஆட்டங்களைப் படமெடுக்கும் விதத்தையே மாற்றியது. அவ்வளவு அகன்ற வீச்சைத் தந்த கேமராவில், அதை மாற்றும் பொத்தான் முதுகின் அடிப்பகுதியில், சிறிய எல்சிடி பலகைக்குக் கீழே இருந்தது. கண்ணை எடுக்காமல் அதைத் தேடுவதற்கு இடக்கை லென்ஸை விட்டுக் கீழிறங்க வேண்டும். 400 மி.மீ. லென்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும் இடக்கைக்கு அது எளிய காரியமில்லை.

2016இல் டி5, டி500 இரண்டிலும் நிக்கான் அந்தப் பொத்தானை ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால் கொண்டுவந்தது. டி5இல் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது, படமெடுக்கும் நிலையை மாற்றும் பொத்தான். டி1இலிருந்து எண்ணினால் 17 ஆண்டுகள். சென்சார் இந்தக் காலத்தில் பல தலைமுறைகள் தாண்டிவிட்டது. ஒரு பொத்தான் ஒரு சாண் தூரம் நகர அவ்வளவு காலம் ஆனது. தொழில்நுட்பத் தடை எதுவும் இதில் இல்லை. ஏற்கெனவே பழகிய கைகளைக் குழப்பக்கூடாது என்ற கவலைதான் தடை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் இவ்விஷயத்தில் அது அளவுக்கு மீறி நீண்டது.

இடம் கிடைத்த பின்னும் பொத்தானைப் பொத்தானிலிருந்து பிரித்தறிவது எப்படி என்ற கேள்வி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பின் இறக்கை மடல்களுக்குப் பதில் சக்கரங்களை மடக்கிவிடும் விபத்துகளை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், பக்கத்துப் பக்கத்தில் ஒன்றுபோல இருந்த விசைகளே காரணம் என்று கண்டார். ஒன்றுக்குச் சக்கர வடிவக் குமிழும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவக் குமிழும் பொருத்தியதும் பிழை நின்றது. விரல் வடிவத்தால் அறியும் என்ற இந்தப் பாடம் கேமராவுக்குத் தாமதமாகவே வந்தது. பிற்காலக் கேனான் கேமராக்கள் சிலவற்றில் ஐஎஸ்ஓ பொத்தான் மீது சிறு புள்ளி எழும்பி நிற்கிறது. 2012இல் நிக்கான் டி4 பொத்தான்களுக்கு உள்ளிருந்து ஒளியூட்டியது. இருட்டில் அது உதவும். ஆனால் அதைப் பயன்படுத்தக் கண் வியூஃபைண்டரை விட்டு வர வேண்டும். எழும்பிய புள்ளிக்கு அது தேவையில்லை.

எளிமையும் பாதுகாப்பும்

எளிதாக மாறும் கட்டுப்பாடு தவறுதலாகவும் எளிதாக மாறும். கழுத்தில் இரண்டு கேமராக்கள் தொங்க, கூட்டத்தில் முண்டிச் செல்பவருக்கு இது அன்றாட ஆபத்து. 2001இல் வந்த இஓஎஸ்-1டி இதற்குக் கடுமையான வழியைத் தேர்ந்தது. மெனுவில் ஒன்றை மாற்ற, இடக்கையால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கட்டைவிரலால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். பொத்தானை விட்டால் தேர்வு பதியும். இரு கைகளும் ஒரே நேரத்தில் தற்செயலாக இப்படிச் சேராது என்பதே அதன் நியாயம். நியாயம் சரி. ஆனால் படங்களைத் திருப்பிப் பார்ப்பது, பெரிதாக்குவது போன்ற தீங்கில்லாத செயல்களும் அந்த ஒழுங்குக்குள் சிக்கின. எதைக் காக்க வேண்டும், எதைக் காக்கத் தேவையில்லை என்ற பாகுபாடு அந்த வடிவமைப்பில் இல்லை.

2004இல் கேனான் 20டி என்ற நடுத்தர விலைக் கேமராவில், கட்டைவிரலால் எட்டுத் திசையிலும் தள்ளும் சிறு ஜாய்ஸ்டிக் தோன்றியது. 2007இல் 1டி மார்க் III இரு கை முறையைக் கைவிட்டு, அந்த ஜாய்ஸ்டிக்கையும் ஒற்றை அழுத்தத்தில் உறுதிசெய்யும் பொத்தானையும் ஏற்றது. தலைமைக் கேமரா தன் கீழ்நிலைத் தம்பியிடம் கற்றுக்கொண்ட இடம் இது. மெனுவைவிட ஃபோகஸ் புள்ளியை நகர்த்துவதில்தான் ஜாய்ஸ்டிக்கின் அருமை தெரிந்தது. 45 புள்ளிகளை இரண்டு சக்கரங்களால் குறுக்கும் நெடுக்குமாகத் தேடுவதைவிட, போக வேண்டிய திசையில் தள்ளுவது விரலுக்கு நேரடியாகப் புரிகிறது.

ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி1 (2014) பூட்டின் சிக்கலை வேறு கோணத்தில் காட்டியது. பொறித்த டயல்களை மீட்டெடுத்த அந்தக் கேமராவில், ஐஎஸ்ஓ டயலைத் திருப்ப நடுப்பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். 2016இல் எக்ஸ்-டி2 ஒருமுறை அழுத்தினால் பூட்டும், மறுமுறை அழுத்தினால் விடும் என்று மாற்றியது. பூட்ட வேண்டுமா என்ற முடிவு பயனரிடம் போனது. இவ்வளவு சிறிய மாற்றத்தில் இவ்வளவு தெளிவான சிந்தனையை இந்த வரலாற்றில் வேறெங்கும் நான் காணவில்லை.

நினைவில் வைக்கும் கேமரா

கட்டுப்பாடுகள் எண்களாகிவிட்டதால் அவற்றைச் சேமித்து மீண்டும் அழைக்கலாம். நிக்கானின் உயர்நிலைக் கேமராக்கள் இதற்கு ஏ முதல் டி வரை நான்கு ‘வங்கி’களைத் தந்தன. ஆனால் ஒரு வங்கியில் இருக்கும்போது செய்யும் மாற்றம் எதுவும் அந்த வங்கியிலேயே பதிந்துவிடும். ஓட்டப்பந்தயத்துக்கென அமைத்ததை நடுவில் ஒரு நேர்காணல் படத்துக்காக மாற்றினால், ஓட்டப்பந்தய அமைப்பே மாறிவிடுகிறது. 2010இல் அதே நிறுவனத்தின் டி7000, யு1, யு2 என்று டயலில் இரண்டு இடங்களைத் தந்தது. எவ்வளவு மாற்றினாலும், விட்டு மறுபடி வந்தால் சேமித்த நிலைக்கே திரும்பும். தெரிந்த இடத்துக்கு எப்போதும் திரும்பலாம் என்ற உறுதியைக் கொடுத்தது விலை குறைந்த கேமரா. 2021இன் இசட்9 உட்பட, தலைமை வரிசையோ வங்கிகளை விடவில்லை. இதற்கு நல்ல காரணம் எனக்குப் புலப்படவில்லை.

பொறித்த டயல்களை விரும்புவோரும் இங்கே ஒரு எல்லையைச் சந்திக்கிறார்கள். 2013இன் நிக்கான் டிஎஃப் மேற்பரப்பெங்கும் எண் பொறித்த டயல்களோடு வந்தது. ஆனால் டயலில் முழுப்படிகளுக்கே இடமுண்டு. டிஜிட்டல் பழக்கமோ மூன்றிலொரு படி கேட்கிறது. ஆகவே ஷட்டர் டயலில் ‘1/3’ என்றொரு இடம் வைத்து, அங்கிருந்து அதிகாரத்தை எண்ணற்ற சக்கரத்துக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. சேமித்த நிலைக்குத் தாவுவதும் கடினம், ஏனெனில் பொறித்த டயல் தானாகத் திரும்பாது. தன் நிலையைப் பொய்யின்றிச் சொல்லும் டயலுக்கு அந்த நேர்மையே தளையாகிறது.

மிரர்லெஸ் தந்த திருப்பம்

கண்ணாடி நீங்கி, வியூஃபைண்டரே மின்னணுத் திரையானபோது, காட்டும் வேலை ஒரேயடியாகக் கண்ணுக்கு முன் வந்தது. சக்கரத்தைத் திருப்பினால் எண் மட்டுமல்ல, படத்தின் வெளிச்சமே மாறுவது தெரிகிறது. 1985இல் பிரிந்தவை இவ்வழியாக ஓரளவு மீண்டும் சேர்ந்தன.

மூன்றாவது அளவுக்கும் இங்குதான் தனிச் சக்கரம் கிடைத்தது. 2013இன் சோனி ஏ7 முன்சக்கரம், பின்சக்கரம், முதுகுச் சக்கரம் என மூன்றைக் கொண்டிருந்தது. 2020இல் கேனான் ஆர்5 மூன்று சக்கரங்களோடு வந்தது. மூன்று அளவு, மூன்று சக்கரம்: ஃபிலிம் காலத்துக்குத் தேவைப்படாத இந்தக் கணக்கு டிஜிட்டலின் தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்க வேண்டியது.

தோல்விகளும் பாடம் சொல்கின்றன. 2018இல் கேனான் இஓஎஸ் ஆர், ஜாய்ஸ்டிக்கை நீக்கி, கட்டைவிரல் தேய்க்கும் ஒரு தொடுபட்டையை வைத்தது. சொடுக்கும் இல்லை, முனையும் இல்லை. விரல் எதுவரை வந்தது என்று விரலுக்கே தெரியாது. ஆர்5, ஆர்6 இரண்டிலும் பட்டை மறைந்து ஜாய்ஸ்டிக் திரும்பியது. மாறாக, 2020இன் 1டி எக்ஸ் மார்க் III ஃபோகஸ் பொத்தானுக்குள்ளேயே விரலசைவை உணரும் ஒளிச்சென்சாரைப் புதைத்தது. அதுவும் தொடுபரப்புதான், ஆனால் விரல் ஏற்கெனவே ஓய்ந்திருக்கும் இடத்தில், அழுத்தினால் உணரக்கூடிய பொத்தானின் மேல். அடுத்து வந்த ஆர்3 அதைத் தொடர்ந்தது. 1992இன் இஓஎஸ் 5இல் கிடைவாக்கில் மட்டும் வேலை செய்த, கண் பார்க்கும் இடத்தில் ஃபோகஸ் வைக்கும் முறையையும் ஆர்3 2021இல் மீட்டெடுத்தது.

இஓஎஸ் ஆரோடு அறிமுகமான ஆர்எஃப் லென்ஸ்களில் ஒரு கட்டுப்பாட்டு வளையம் உண்டு. 1987இல் கேனான் நீக்கிய வளையத்தின் இடத்துக்கு, 31 ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ அதே விரல்களுக்கு வந்த வளையம் இது. அதற்கு அப்பர்ச்சரையும் ஒதுக்கலாம், ஐஎஸ்ஓவையும் ஒதுக்கலாம். அதில் எண் எதுவும் பொறிக்கப்படவில்லை. எண் வியூஃபைண்டருக்குள் இருக்கிறது. கேமராவை இயக்கிக் கண்ணுக்கு வைக்கும்வரை வளையம் தன் நிலையைச் சொல்வதில்லை.